கடமைக்குப் பலகை, உரிமைக்குப் பூட்டா?

தோட்டத் தோழர்களே! கிராணிமார்களே!

பெரட்டுக் களத்திலே பலகை மாட்டுவதில் நிர்வாகத்துக்கு என்றுமே சுறுசுறுப்பு அதிகம். “முகமூடி அணி! கையுறை போடு! சொன்னபடி செய்! மீறினால் அபராதம்!” நல்லது. 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 24ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால், 24க்கு முன்னால் 15 என்று ஒரு பிரிவு இருக்கிறதே, அதற்கு ஏன் பலகை இல்லை?

15ஆம் பிரிவு கட்டுவது முதலாளியை. ஆபத்தில்லாத கருவி, ஆபத்தில்லாத வேலைமுறை, நச்சுப் பொருளைக் கையாளும் பயிற்சி, மேற்பார்வை, இத்தனையும் அவர் பொறுப்பு. பால் ஸ்டோரில் அசிட் ஊற்றுகிறவனுக்குக் கண்ணாடி வேண்டும். கண் கழுவத் தண்ணீர் வேண்டும். இது தர்மம் அல்ல, சட்டம்!

யார் பொறுப்பு பெரிது என்பதை அபராதத் தொகையே சொல்லிவிடும். 2024 ஜூன் 1 முதல் நடப்பிலுள்ள திருத்தப்படி, தொழிலாளி தவறினால் உச்ச அபராதம் 2,000 வெள்ளி. முதலாளி தவறினால் 5 லட்சம் வெள்ளி! சின்னக் கணக்கைப் பலகையில் எழுதிப் பெரிய கணக்கைப் பெட்டியில் பூட்டுவது என்ன நியாயம்?

மேலிருந்து தானாக நீதி இறங்கிவரும் என்று காத்திருந்தால் என்ன நடக்கும்? பாராகுவாட்டின் கதையைப் பாருங்கள். “மருந்து” என்று பெயர் சூட்டி அந்த நஞ்சை நம் பெண்களின் முதுகில் ஏற்றினார்கள். நகம் கெட்டது, மூக்கில் இரத்தம் வடிந்தது. உள்ளே போனால் முறிக்க மருந்தில்லாத நஞ்சு அது. 2002இல் அரசாங்கம் தடையை அறிவித்தது. 2006இல் தளர்த்தியது. முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1இல்! பதினெட்டு ஆண்டுகள்! அத்தனை ஆண்டும் தோம்பைச் சுமந்தது யார் முதுகு?

ஆகவே, தோழர்களே, நம் உரிமைகளை நாமே மனப்பாடம் செய்வோம்.

உடனடி ஆபத்து என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, சொல்லியும் நிர்வாகம் அதை நீக்காவிட்டால், அந்த இடத்தைவிட்டு விலக 26ஏ பிரிவு உரிமை தருகிறது. அதற்காக உங்களைத் தண்டிக்கக் கூடாது. பாதுகாப்புக்காகச் சட்டப்படி கொடுக்க வேண்டிய முகமூடிக்கும் கையுறைக்கும் சம்பளத்தில் ஒரு காசும் பிடிக்கக் கூடாது. பாதுகாப்புக் குறையைப் புகார் செய்தவனை வேலைநீக்கம் செய்யக் கூடாது. 40 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு வேண்டும். அதில் தொழிலாளர் பிரதிநிதிகள் உட்கார வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் அது கூட வேண்டும். உங்கள் தோட்டத்தில் அக்குழு கடைசியாகக் கூடியது எப்போது? கேளுங்கள்!

கிராணிமார்களே! வேலையில் விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு முதலாளி அறிவிக்க வேண்டும். “சின்னக் காயந்தானே” என்று பேனாவை மூடிவிடாதீர்கள். நீங்கள் எழுதாத ஒரு வரி, ஒரு குடும்பத்தின் நஷ்டஈட்டுக்கே தடையாகலாம். 2019 முதல் அந்நியத் தொழிலாளர்களுக்கும் சொக்சோ பாதுகாப்பு உண்டு. பக்கத்து நிரையில் வெட்டும் இந்தோனேசியத் தோழனுக்கும் இதை எடுத்துச் சொல்லுங்கள். அவன் கண்ணும் கண்தான்!

நம் பக்கமும் சுத்தமாக இருக்கட்டும். வெயிலுக்குப் பயந்து முகமூடியைக் கழுத்தில் தொங்கவிட்டு மருந்தடிப்பது வீரமல்ல. நச்சுக் குப்பியைக் கழுவி வீட்டுக்குக் கொண்டுபோவது சிக்கனமல்ல. மருந்து படிந்த உடுப்போடு பிள்ளையைத் தூக்குவது பாசமல்ல. கடமையைச் செய்தவன் கேட்கும் உரிமைக்குத்தான் கனம் அதிகம்.

பலகை மாட்டட்டும்! ஆனால் இரண்டு பலகை மாட்டட்டும்! ஒன்றில் நம் கடமை. மற்றதில் அவர்கள் கடமை. தமிழிலும் இருக்கட்டும், வேலை செய்கிறவன் வாசிக்கும் எல்லா மொழியிலும் இருக்கட்டும். இதைத் தனி ஆளாகக் கேட்டால் முறைப்பார்கள். சங்கமாகக் கேட்டால் மாட்டுவார்கள்.

கேட்போம், தோழர்களே! ஒன்றாய்க் கேட்போம்!