ஓட்டத் தெரியும், உரிமம் இல்லை

1929-ஆம் ஆண்டு சாலிஸ்காவ் ரயில் நிலையத்தில் வந்திறங்கிய அண்ணல் அம்பேத்கரை ஏற்றிச் செல்ல எந்தக் குதிரை வண்டிக்காரரும் முன்வரவில்லை. அது தங்கள் கௌரவத்துக்குக் குறைவு என்று நினைத்தார்கள். கடைசியில் வண்டியை மட்டும் வாடகைக்குத் தந்தார்கள். ஓட்டிப் பழக்கமில்லாத சேரிக்காரர் ஒருவர் கடிவாளத்தைப் பிடித்தார். வழியில் பாலத்தில் சக்கரம் சிக்கியதில் அண்ணல் தூக்கி எறியப்பட்டார். கால் எலும்பு முறிந்தது. இதை அவரே எழுதி வைத்திருக்கிறார்.

அன்று வண்டி கிடைத்தது, ஓட்டத் தெரிந்தவர் கிடைக்கவில்லை. இன்று நம் காலனி இளைஞர்களுக்கு ஓட்டத் தெரிகிறது, சட்டைப் பையில் உரிமம் இல்லை. கரும்பு லோடு டிராக்டரிலும் செங்கல் வண்டியிலும் கிளீனராக ஏறியவர்கள் ஒரே வருடத்தில் ஸ்டீயரிங் பிடிக்கிறார்கள். வண்டி முதலாளிக்கும் இது தெரியும். உரிமம் இல்லாதவர் கூடுதல் கூலி கேட்க மாட்டார் என்பதும் தெரியும்.

'ஏன் உரிமம் எடுக்கவில்லை?' என்று கேட்பது எளிது. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி ஒரு வகை வாகனத்துக்குப் பழகுநர் உரிமக் கட்டணம் 150 ரூபாய், அதற்கான தேர்வுக்கு 50, ஓட்டுநர் தேர்வுக்கு 300, உரிமத்துக்கு 200. மாநிலத்தின் சேவைக் கட்டணம் தனி. ஆனால் புரோக்கர் கைக்குப் போனால் கணக்கே வேறு. அலுவலகம் நகரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு முறை போய்வரவும் பஸ் செலவோடு ஒரு நாள் கூலியும் போகிறது. எல்.எல்.ஆர். வாங்கி 30 நாள் கழித்துத்தான் தேர்வுக்குப் போக முடியும். ஆறு மாதம் தாண்டினால் அதுவும் காலாவதி. ஆதாரில் ஒரு இனிஷியல், பள்ளிச் சான்றிதழில் வேறு இனிஷியல் என்றால் மறுபடி அலைச்சல். உரிமம் இப்போது விரைவு அஞ்சலில்தான் வருகிறது. கதவு எண்ணே போடப்படாத தெருவில் அது யார் வீட்டைத் தேடும்?

அலுத்துப்போய்ப் பாதியில் விட்டவர்களைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. ஆனால் இழப்பு அவர்களுக்குத்தான். உரிமமின்றி ஓட்டினால் அபராதம் 5,000 ரூபாய். கூலி வேலை செய்பவருக்கு அது பல நாள் உழைப்பு. விபத்து நடந்துவிட்டாலோ, காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்கலாம். அல்லது இழப்பீட்டைக் கட்டிவிட்டு வண்டி உரிமையாளரிடம் திரும்ப வசூலிக்கலாம். அண்ணனின் பைக்கை எடுத்துச் சென்ற தம்பியால் குடும்பமே கடனில் மூழ்கும். தாட்கோ கடனில் சொந்த வண்டி வாங்கும் கனவும் உரிமம் இல்லாமல் நகராது.

சட்டம் திறந்து வைத்திருக்கும் கதவுகளையும் நாம் அறிய வேண்டும். சரக்கு, பயணிகள் வாகனம் ஓட்ட எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்ற விதி 2019-லேயே நீக்கப்பட்டுவிட்டது. படிப்பைப் பாதியில் விட்டவரிடம் இன்றும் அதைச் சொல்லிப் பணம் கேட்பவர் ஏமாற்றுக்காரர். சொந்தப் பயன்பாட்டுக்கான பைக், கார் உரிமத்துக்கு ஓட்டுநர் பள்ளிச் சான்று கட்டாயமில்லை, நேரடியாக விண்ணப்பிக்கலாம். இலகு ரக வாகன உரிமம் உள்ளவர், 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வாகனங்களையும் தனி அனுமதியின்றி ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. ஒரே உரிமத்தில் ஒரு பிழைப்பு இருக்கிறது.

எட்டுப் போடாமலே உரிமம் தாருங்கள் என்று நாம் கேட்கவில்லை. தேர்வு கண்டிப்பாகவே இருக்கட்டும். சாலையில் சாவதும் நம் பிள்ளைகள்தான். நாம் கேட்பது, அந்தத் தேர்வு வரை போய்ச் சேர ஒரு வழி. மாதம் ஒருமுறை ஒன்றியத் தலைமையிடத்தில் உரிம முகாம் நடத்தலாம். ஆதிதிராவிடர் நல விடுதிகளிலும் அரசு ஐ.டி.ஐ.களிலும் எல்.எல்.ஆர். விண்ணப்பத்துக்கு உதவி மேசை போடலாம். பெயர்ப் பிழைகளை அதே முகாமில் திருத்தலாம். காலனி வீடுகளுக்குக் கதவு எண் இடுவதை ஊராட்சிகள் இனியும் தள்ளிப்போடக் கூடாது.

கல்லூரியில் படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேலை இருக்கிறது. 18 வயது நிறைந்த ஒருவருக்காவது, இந்த மாதமே, உங்கள் கைப்பேசியில் விண்ணப்பித்துக் கொடுங்கள். போக்குவரத்து விதிகளைச் சொல்லிக்கொடுங்கள். உரிமம் கைக்கு வரும்வரை சாவியைக் கொடுக்காதீர்கள்.

நம்மை ஏற்ற மறுத்த வண்டிகளின் காலம் ஒன்று இருந்தது. இனி வண்டியும் நம்முடையதாகட்டும். அதை ஓட்டும் உரிமமும் நம் பெயரில் இருக்கட்டும்.