மீன் படகில் ஆள் ஏற்றலாமா? பழவேற்காட்டில் 22 பேர். தானூரிலும் 22 பேர் பலி!

2011 கிறிஸ்துமஸ் தினம். சென்னைக்கு வடக்கே பழவேற்காடு ஏரியில் உல்லாசமாகச் சுற்றப் போனவர்களின் படகு கவிழ்ந்தது. 22 பேர் பலி! அது மீன்பிடி படகு. உயிர்காப்பு ஜாக்கெட் கிடையாது.

2023 மே 7. கேரளா, தானூர். மீன்பிடி படகை மாற்றிக் கட்டி, அளவுக்கு மீறி ஆள் ஏற்றினார்கள். அங்கும் 22 பேர் பலி!

காரணம் என்ன?

மீன் படகில் பாரம் அடியில் கிடக்கும். ஆட்கள் ஏறி எழுந்து நின்றால் பாரம் மேலே வந்துவிடும். "அதோ பார்!" என்று எல்லோரும் ஒரு பக்கம் ஒதுங்கினால் படகும் சாயும்.

பழவேற்காட்டில் விபத்துக்குப் பிறகு சவாரிக்குத் தடை போட்டார்கள். தடை மட்டும் போதுமா? உரிமம், தலைக்கணக்கு, ஜாக்கெட் மூன்றையும் கரையிலேயே நின்று பார்க்க ஆள் வேண்டும்.

"ஒரு ரவுண்டு போகலாம், வாங்க சார்" என்று கூப்பிட்டால், ஏறுமுன் ஒரு கேள்வி: "ஜாக்கெட் எங்கேப்பா?"