75 அங்குலம் நெய்தால் 60 அங்குலம்!

எங்கள் வீட்டில் ஒரு துண்டில் ஆரம்பித்த கதை இது.

என் மாமியாருக்கு 84 வயது. அத்தை என்றுதான் கூப்பிடுவேன். குளித்துவிட்டு வந்து தானே துவட்டிக்கொள்வார், துண்டைத் தானே பிழிந்து கொடியில் போடுவார். அதில் யாரும் கை வைக்கக் கூடாது. ஆனால் ஒரு வருஷமாக மணிக்கட்டு ஒத்துழைக்கவில்லை. தேங்காய்ப்பூ துண்டு நனைந்துவிட்டால் என்ன கனம் கனக்கும் என்று உங்களுக்கே தெரியும். பாதி பிழிந்து, பாதி சொட்டச் சொட்டக் கொடியில் போட்டுவிட்டு வருவார். நான் அவருக்குத் தெரியாமல் போய் மறுபடி பிழிவேன். ஒருநாள் பார்த்துவிட்டார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஈரிழைத் துண்டு வாங்கிக் கொடுத்தேன். லேசு, சீக்கிரம் காயும். ஆனால் "முதுகுல ஒட்டிக்கிது, ஈரத்தை எடுக்கவே மாட்டேங்குது" என்றார்.

அப்போதுதான் பெங்களூரில் இருக்கும் என் மகள், தங்கியிருந்த ஓட்டலிலிருந்து ஒரு துண்டின் படம் அனுப்பினாள். சின்னச் சின்னக் கட்டங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பள்ளம். "வாஃபிள் டவல்மா. பாட்டிக்கு சரியா இருக்கும்." ஐஸ்கிரீம் கடையில் கட்டம் கட்டமாக ஒன்று சுட்டுத் தருவார்களே, அதன் பெயரைத்தான் துண்டுக்கும் வைத்திருக்கிறார்கள். நெசவுப் பாடத்தில் இதற்குத் தேன்கூடு நெசவு என்று பெயர். எனக்கு அந்தப் பெயர்தான் பிடித்தது.

ஆன்லைனில் ஒன்று வரவழைத்தேன். வந்ததைத் தடவிப் பார்த்தால் வழவழவென்று இருந்தது. கட்டம் எல்லாம் அச்சடித்த கட்டம்! அத்தை சிரித்த சிரிப்பில் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். ஈரோட்டில் இருந்துகொண்டு, துண்டுக்குப் பெட்டி பிரித்து ஏமாறுவதா?

சென்னிமலை எங்களுக்குப் பக்கம். முருகன் மலையும் கைத்தறிப் போர்வையும் அந்த ஊரின் இரண்டு அடையாளங்கள். திருப்பூர் குமரன் பிறந்த ஊரும் அதுதான். பல வருஷமாக நாங்கள் போர்வை வாங்கும் ஓர் அக்கா அங்கே இருக்கிறார். வீட்டுக்குள்ளேயே குழித்தறி. அவரிடம் படத்தைக் காட்டினேன்.

"இது தெரியுங்க அம்மிணி. நெஞ்சிருக்கறேன்" என்றார். சொல்லிவிட்டு, ஏனோ கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நெஞ்சு தரட்டுங்களா, இல்ல நெய்யறீங்களா?" என்று கேட்டார்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஏழு மாதம் ஆகியிருந்தது எனக்கு. நெய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அடுத்த ஐந்து சனிக்கிழமை எங்கே போயின என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

தறியில் நீளவாக்கில் கட்டியிருப்பது பாவு. குறுக்கே போவது ஊடை. சாதாரணத் துணியில் ஊடை ஒரு பாவு இழைக்கு மேலே, அடுத்ததற்குக் கீழே என்று மாறி மாறிப் போகும். தேன்கூடு நெசவில் ஒவ்வொரு கட்டத்தின் நடுவில் மட்டும்தான் அப்படி நெருக்கமாகப் பின்னும். கட்டத்தின் ஓரத்துக்கு வர வர, இழைகள் பின்னாமல் இரண்டு மூன்று இழையைத் தாண்டித் தாண்டிக் கிடக்கும். தாண்டிக் கிடக்கும் இழைதான் பின்னால் மேடாக எழும்பும். நெருங்கிப் பின்னிய நடு, பள்ளமாக அமுங்கும். இவ்வளவுதான் ரகசியம். ஜக்கார்டு எல்லாம் தேவையில்லை. நாலு விழுதும் நாலு மிதியும் போதும்.

நூல் வாங்கும்போதே எனக்கு ஒரு குழப்பம். பத்தாம் நம்பர் நூலில் இரட்டைப்புரி வேண்டும் என்றார் அக்கா. நம்பர் கூடினால் நூல் தடிமன் ஆகும் என்று நினைத்திருந்தேன். நேர்மாறு. 840 கஜம் கொண்ட சிட்டம் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வருகிறதோ, அதுதான் நம்பர். நூல் மெல்லிசாக மெல்லிசாகச் சிட்டம் கூடும், நம்பர் ஏறும். இத்தனை வருஷம் புடவைக் கடையில் ‘நூறாம் நம்பர் நூல்’ என்று சொன்னபோதெல்லாம் புரிந்ததுபோல் தலையாட்டியிருக்கிறேன்.

அகலம் 30 அங்குலம், அங்குலத்துக்கு 24 இழை. கணக்குக்கு 720. ஆனால் அக்கா 721 இழை ஓட்டினார். ஏன் அந்த ஒன்று என்று அப்போது நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

ஒவ்வொரு பாவு இழையையும் விழுதின் கண்ணுக்குள் கோக்க வேண்டும். முதல் இழை முதல் விழுது, அடுத்தது இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. அங்கிருந்து மறுபடி ஒன்றுக்குத் தாவக் கூடாது. வந்த வழியே மூன்று, இரண்டு என்று இறங்க வேண்டும். மலை ஏறி இறங்குவதுபோல. "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, மூணு, ரெண்டு." அக்கா பின்னால் உட்கார்ந்து ஒவ்வோர் இழையாக எடுத்துக் கொடுக்க, நான் முன்னால் உட்கார்ந்து கொக்கியால் இழுத்தேன். ஆறு இழைக்கு ஒரு கட்டம். 120 முறை ஏறி இறங்கினால் 720. கடைசியில் மறுபடி ‘ஒண்ணு’வில் முடிந்தால்தான் இரண்டு கரையும் ஒன்றுபோல இருக்கும். அதற்குத்தான் அந்த 721.

மதியம் மூன்று மணிக்கு முடித்தேன். முடித்தபோது ஓர் இழை மிச்சம் இருந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அக்கா காபி போட உள்ளே போயிருந்தார். கண் எரிந்தது, கழுத்து வலித்தது. ‘பாவு ஓட்டும்போது ஒன்று கூடியிருக்கும்’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அந்த இழையைக் கரையோடு சேர்த்துச் செருகிவிட்டேன். வாயைத் திறக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை நெய்ய உட்கார்ந்தேன். குழித்தறியில் ஒரு வசதி, முட்டி வலிக்காரர்களுக்கு அது சிம்மாசனம். தரையோடு தரையாக உட்கார்ந்து காலைக் குழிக்குள் தொங்கவிட்டால் போதும். மிதியும் அதே மலை கணக்குதான், ஒன்று முதல் நான்கு வரை ஏறி இறங்க வேண்டும். கயிற்றை இழுத்தால் நாடா அந்தப் பக்கம் ஓடும். 1733-இல் ஜான் கே என்ற இங்கிலாந்துக்காரர் கண்டுபிடித்த ஏற்பாடு. அதற்கு முன்பெல்லாம் கையாலேயே நாடாவைத் தள்ளி, கையாலேயே பிடிக்க வேண்டும்.

மூன்று அங்குலம் நெய்ததும் அக்கா வந்து குனிந்து பார்த்தார். விரலை ஓர் இடத்தில் வைத்தார். வரிசையாக வந்த கட்டங்களுக்கு நடுவே ஒரு கோடு, தப்பான இடத்தில் எடுத்த வகிடு மாதிரி, மேலிருந்து கீழே ஓடியது. நாலுக்குப் பிறகு மூன்றை விட்டுவிட்டு நேராக இரண்டுக்குப் போயிருக்கிறேன். அன்று மகள் போன் செய்தாளே, அந்த நேரம்தான் போலிருக்கிறது.

"கோக்கறப்ப ஒண்ணு மிச்சம் வந்திருக்கோணுமே?"

வந்தது என்றேன். அக்கா திட்டவில்லை. "மிச்சம்னா மிச்சம் இல்லீங்க அம்மிணி. எங்கியோ ஒண்ணத் தொலைச்சுட்டு வந்திருக்கறீங்கன்னு அர்த்தம்" என்றார்.

முறைப்படி என்றால் அந்த இடத்திலிருந்து கரை வரை, 400 இழைக்கு மேல், உருவிவிட்டுத் திரும்பக் கோக்க வேண்டும். அக்கா என் முகத்தைப் பார்த்தார். பிறகு மூன்றாவது விழுதில், விட்டுப்போன இடத்தில், தடித்த நூலால் சின்னதாக ஒரு கண் முடிச்சுப் போட்டார். அதற்குள் ஒரு புது இழையைக் கோத்து, அச்சில் பக்கத்து இழை இருக்கும் இடுக்கிலேயே நுழைத்து, நெய்த துணியில் ஒரு குண்டூசியால் சுற்றி நிறுத்தினார். மறுமுனையைத் தறிக்குப் பின்னால் இறக்கி, ஒரு பழைய நட்டைக் கட்டித் தொங்கவிட்டார். அந்த இழை மட்டும் பாவோடு சேராமல், நட்டின் கனத்தில் விறைப்பாக நின்றது. கால் மணி நேர வேலை. கோடு மறைந்தது.

பிறகு வந்தது என் கோபத்தால் வந்த பிரச்சினை. அங்குலத்துக்கு 24 பாவு இழை என்றால் ஊடையும் அங்குலத்துக்கு 24 விழ வேண்டும். அப்போதுதான் கட்டம் சதுரமாக வரும். ஓங்கி அடித்தால் ஊடை நெருங்கிக் கட்டம் சப்பையாகும், மெதுவாக அடித்தால் நீண்டுவிடும். அக்கா அங்குலத்துக்கு நாலு கட்டம் வருகிறதா என்று டேப்பை வைத்துப் பார்ப்பார். வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்த சனிக்கிழமை அஞ்சரை கட்டம் வந்தது. "யாருங்க மேல கோவம்?" என்று கேட்டார். அந்த இடத்தைப் பிரித்து மறுபடி நெய்தேன்.

நெய்ய நெய்ய எனக்கு ஒரு கவலை. கட்டம் தெரிகிறது, பள்ளம் எங்கே? தறியில் துணி பலகை மாதிரி தட்டையாக இருந்தது. இன்னொரு அச்சடித்த துண்டைத்தான் நானும் நெய்கிறேனோ என்று தோன்றியது. 60 அங்குலம் ஆனதும் போதும் என்று நிறுத்தினேன். அக்கா தலையாட்டினார். "இன்னும் 15 அங்குலம் நெய்யுங்க."

அப்போதுதான் அந்தப் பழைய கதையைச் சொன்னார். சில வருஷம் முன்னால் ஒரு வியாபாரி இதே துண்டு பத்து கேட்டிருக்கிறார். 60 அங்குலம் என்று அளவு. அக்காவும் தறியில் 60 அளந்து நெய்து கொடுத்துவிட்டார். அலசிப் பார்த்தால் 48. அளவு குறைச்சல் என்று பத்தும் திரும்பி வந்துவிட்டது. கூலியும் இல்லை, நூல் காசும் இல்லை. "அந்தப் பத்தும் எங்க வீட்டுலதானுங்க கெடந்துது. கைப்பிடித் துணி, கால் தொடைக்கற துணின்னு கிழிச்சுக் கிழிச்சுத் தீத்தோம்." முதல்நாள் ஏன் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

இன்னும் 15 அங்குலம் நெய்தேன். அங்குலத்துக்கு 24 என்று 75 அங்குலத்துக்கு 1,800 முறை நாடா ஓட வேண்டும். அறுத்து எடுத்துத் தரையில் போட்டதுமே 70 அங்குலம்தான் இருந்தது. தறியின் இறுக்கம் விட்டதும் துணி மூச்சு விடுவதுபோல லேசாகக் கூம்பியது. வீட்டுக்குக் கொண்டுவந்து வெந்நீரில் ஊறப்போட்டு, அலசி, உதறிக் காயப்போட்டேன். தாண்டிக் கிடந்த இழைகள் எல்லாம் சுருங்கி, கட்டத்தைச் சுற்றி மேடாக எழும்பிவிட்டன. நடு அமுங்கிவிட்டது. தட்டையாக இருந்தது, விரல் நுனி புதைகிற கட்டமாகக் காய்ந்தது. டேப் வைத்தேன். நீளம் 60, அகலம் 24. நெய்ததில் ஐந்தில் ஒரு பங்கு நீளம் பள்ளத்துக்குள் போய்விட்டது.

கடையில் இந்தத் துண்டை விரித்து வைத்து, பக்கத்தில் சாதாரணக் கைத்தறித் துண்டையும் விரித்து, ‘ரெண்டும் ஒரே நீளம்தானே, இதுக்கு மட்டும் ஏன் இவ்வளவு விலை?’ என்று நானே கேட்டிருப்பேன். துண்டு, கைத்தறிக்கென்று சட்டப்படி ஒதுக்கிய 11 வகைகளில் ஒன்று. ஆனால் சுருங்கிப்போன அந்த 15 அங்குலத்துக்கு யார் கூலி கொடுப்பது என்று எந்தச் சட்டத்திலும் இருக்காது. நெய்தவர் முன்கூட்டியே கேட்டு வாங்கினால்தான் உண்டு. அக்கா இப்போது ‘அலசின அளவா, தறி அளவா’ என்று கேட்டு எழுதி வாங்கிக்கொண்டுதான் நூலைத் தொடுகிறாராம்.

வாங்குகிறவர்களுக்குச் சில விஷயங்கள். கடையில் மேடு பள்ளம் அதிகம் தெரியாமல் இருந்தால், அலசாத துணியாக இருக்கலாம். அலசிய அளவு என்ன என்று கேளுங்கள். துணியை மென்மையாக்கும் திரவத்தை இதற்கு ஊற்றாதீர்கள், ஈரம் உறிஞ்சுவது குறைந்துவிடும். இஸ்திரி வேண்டவே வேண்டாம், மேட்டை அமுக்கிவிடும். வளையல், மோதிரத்தில் இழை மாட்டினால் இழுக்காமல் ஊசியால் உள்ளே தள்ளிவிடுங்கள். கற்றுக்கொள்ள ஆசைப்படும் பிள்ளைகள் இருந்தால், சேலத்தில் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. நெசவில் டிப்ளமோவே படிக்கலாம்.

அத்தை முதல்நாள் துவட்டிவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. கொல்லையில் பிழியும் சத்தம் கேட்டது. நான் போகவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன், அவ்வளவுதான். இரண்டு முறுக்கு முறுக்கி, உதறி, கொடியில் போட்டு, கிளிப்பும் மாட்டினார். சொட்டவில்லை.

சாயங்காலம் காய்ந்த துண்டை மடித்துக்கொண்டே விரலை ஓர் இடத்தில் ஓட்டினார். "இங்க மட்டும் என்னமோ நெருக்கமா இருக்குதே?"

நட்டில் தொங்கிய இழை! என் கண்ணுக்கே தெரியவில்லை. சொன்னேன். மிச்ச இழையை மறைத்ததையும் சேர்த்துச் சொன்னேன். கேட்டுவிட்டு, "சரி, இது எனக்கு. ஊருக்குக் குடுக்கறதுல அந்தத் தப்புப் பண்ணாதே" என்றார்.

தறியில் இன்னும் இரண்டு துண்டுக்குப் பாவு இருக்கிறது. ஒன்று மகளுக்கு. இன்னொன்றை அக்காவே வைத்துக்கொள்ளட்டும் என்று நினைத்திருக்கிறேன், வாங்குவாரா தெரியவில்லை. சனிக்கிழமை போய்க் கேட்க வேண்டும்.