எழுந்து நிக்கிறவன் எல்லாம் காட்டானா?

ஊர் குத்தாலம்னு சொன்னா போதும், "அருவில தண்ணி விழுதா சார்?"னு கேக்காத ஆளே கிடையாது. ஐயா சாமிகளா, அது தென்காசிப் பக்கம் இருக்குற குற்றாலம். எங்க குத்தாலம் மாயவரத்துக்கும் கும்பகோணத்துக்கும் நடுவுல, காவிரிக் கரையில இருக்கு. மேட்டூர்ல தொறந்தா ஆத்துல தண்ணி வரும். அவ்வளவுதான் எங்க அருவி :-)

சரி, மேட்டருக்கு வரேன். போன வருசம் பள்ளிக்கூடத்துக் கூட்டாளிங்க நாலு பேரு சேந்து, நியூஜெர்சில இருக்குற அஞ்சாவது கூட்டாளியோட கிரகப்பிரவேசத்துக்குப் போனோம். திரும்பி வரும்போது நியூயார்க்லேர்ந்து துபாய், அங்க ரெண்டு நாள் தங்கல், அப்புறம் துபாய்லேர்ந்து திருச்சி.

நியூயார்க்-துபாய் கிட்டத்தட்ட பதிமூணு மணி நேரம். அந்தப் பதிமூணு மணி நேரத்துல நாங்க அடிச்ச கூத்தைச் சொல்றேன், கேளுங்க. ஒருத்தன் ஏறின உடனே ஷூவைக் கழட்டினான். அந்த வரிசையே மூக்கைப் பொத்துச்சு. இன்னொருத்தன் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிச்சான். மூணாமத்தவன் ஓசிதானேன்னு ஜூஸ் மேல ஜூஸா வாங்கிக் குடிச்சுட்டு ஜன்னலோரத்துலேர்ந்து எல்லார் காலையும் மிதிச்சுக்கிட்டு பாத்ரூமுக்கு நடையா நடந்தான். அடியேன் விட்ட குறட்டையில பக்கத்து சீட்டு வெள்ளைக்கார அம்மா இடம் மாறிப் போயிட்டாங்க. துபாய்ல சக்கரம் தரையைத் தொட்டதும் நாங்க நாலு பேரும் எழுந்து மேல இருந்த பைய இழுக்க ஆரம்பிச்சுட்டோம். யாரும் எங்களைக் காட்டான்னு சொல்லலை. "லாங் ஜர்னி, பாவம் டயர்டா இருக்காங்க". அவ்வளவுதான்.

ரெண்டு நாள் கழிச்சு திருச்சி விமானம். முக்காவாசி நம்ம டெல்டா ஜனங்க. ரெண்டு வருசம், மூணு வருசம் கழிச்சு ஊருக்கு வர்றவங்க. கம்பளிப் போர்வை, பால்பவுடர், கோடாலித் தைலம் எல்லாத்தையும் அட்டைப்பெட்டில திணிச்சு, நைலான் கயிறு சுத்தி, மேல மார்க்கர்ல பேரும் ஊரும் எழுதி வெச்சிருந்தாங்க. திருச்சில சக்கரம் தரையைத் தொட்டதும் பாதி விமானம் எழுந்து நின்னுச்சு. நம்ம புளியோதரைக் கூட்டாளி சொல்றான்: "ஆரம்பிச்சுட்டானுங்க பாரு. டவுன் பஸ்னு நெனப்பு. இவனுங்களுக்கெல்லாம் எதுக்குடா ப்ளைட்டு?"

எல்லாரும் சிரிச்சோம். நானும்தான். அந்தச் சிரிப்பு ரெண்டு நாளா நெஞ்சுல முள்ளா குத்திக்கிட்டு இருக்கு. அதான் இந்தப் புலம்பல்.

நாமளும் இந்த ஜோக்கை எத்தனை தடவை எழுதியிருக்கோம், படிச்சிருக்கோம்? "கல்ஃப் ப்ளைட்ல ஒரு அனுபவம்"னு ஆரம்பிச்சா ரெண்டாவது பாராவுல லுங்கி, மூணாவது பாராவுல கயிறு கட்டின பெட்டி, நாலாவது பாராவுல "நம்மாளுங்க எப்பத்தான் திருந்துவாங்களோ". போதும்யா.

முதல்ல, விமானம் நிக்கிறதுக்குள்ள எழுந்திரிக்கிறது தப்பு. ஆபத்து. ஒத்துக்கறேன். ஆனா துபாய்ல நாங்க எழுந்ததும் அதே தப்புதானே? அங்க அவசரம், இங்க அநாகரிகமா? எங்களுக்காவது வீட்டு வாசலுக்கே கார் வரும். இவங்கள்ல பலபேரு விடியறதுக்குள்ள பஸ் ஸ்டாண்டுக்குப் போய் தஞ்சாவூர் பஸ்ஸைப் பிடிக்கணும். மூணு வருசமா பாக்காத புள்ள வெளிய கம்பியைப் புடிச்சுக்கிட்டு நிக்கும். யாருக்கய்யா அவசரம் அதிகம்?

ரெண்டாவது, சொன்னா கேக்க மாட்டாங்களாம். எந்த பாஷையில சொன்னாங்க? நான் வந்த விமானத்துல அறிவிப்பெல்லாம் இந்தி, அப்புறம் இங்கிலீஷ். ஏறினவங்க முக்காவாசி தமிழ். கடைசில பணிப்பெண் ஒருத்தர், கேரளாக்காரப் பொண்ணு போல, "அண்ணா, வண்டி இன்னும் நிக்கலைண்ணா, உக்காருங்கண்ணா"ன்னு அரைகுறைத் தமிழ்ல சொன்னாங்க. அத்தனை பேரும் உக்காந்துட்டாங்க! திருந்தாத ஜென்மங்க பத்து செகண்டுல திருந்திட்டாங்க பாருங்க.

இது வெறும் மொழிப்பற்று கிடையாது. 2024 அக்டோபர் 11ஆம் தேதி திருச்சிலேர்ந்து சார்ஜா கிளம்பின விமானம் ஹைட்ராலிக் கோளாறால 141 பயணிகளோட ரெண்டு மணி நேரத்துக்கு மேல வானத்துலயே வட்டமடிச்சுது ஞாபகம் இருக்கா? நல்லபடியா இறங்கிடுச்சு. இறங்காம இருந்திருந்தா? அவசர வழி எங்க, எப்படிக் குனியணும்னு தெரியாத பாஷையில சொன்னா உயிர் போகும். விமானத்துல பாதுகாப்பை தமிழ்ல சொல்லுன்னு கேக்கறதை விட்டுட்டு, எழுந்து நிக்கிறவனைக் கிண்டல் பண்ணிக்கிட்டு இருக்கோம்.

மூணாவது, "குடிச்சுட்டு ரகளை பண்றாங்க". பண்றவனைப் பிடிச்சு போலீஸ்ல குடுங்க, நானும் கூட வரேன். ஆனா 2022 நவம்பர்ல நியூயார்க்-டெல்லி விமானத்துல ஒரு வயசான அம்மா மேல சிறுநீர் கழிச்சதா ஒருத்தர் கைதானாரே, அது பிசினஸ் கிளாஸ். அவரு கயிறு கட்டின பெட்டியோட வந்த ஆளு இல்லை. அதை வெச்சு "பெரிய கம்பெனிக்காரனுங்களே இப்படித்தான்"னு யாராவது எழுதினோமா?

அரசாங்கமே இந்தப் புத்தியிலதான் ஓடுது. பத்தாவது தேறாதவங்க வளைகுடா மாதிரி 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக தனியா அனுமதி வாங்கணும்னு வெச்சாங்க. ஏமாத்துற ஏஜென்டுகிட்டேர்ந்து காப்பாத்தத்தான். நல்லது. ஆனா 2018 ஜனவரில அவங்க பாஸ்போர்ட்டு அட்டையையே ஆரஞ்சு கலர்ல தரப் போறோம்னு கிளம்பினாங்க. இவன் படிக்காதவன்னு உலகத்துக்கே கலர்ல காட்டறது! எதிர்ப்பு வந்து அந்த மாசக் கடைசிலயே கைவிட்டாங்க. அட்டையைக் கைவிட்டாச்சு. கண்ணுல இருக்குற ஆரஞ்சுக் கண்ணாடியை?

"அவங்கதான் அன்னியச் செலாவணி கொண்டு வராங்க, மதிக்கணும்"னு சிலபேரு வக்காலத்துக்கு வருவாங்க. அதுவும் வேணாம். காசு கொண்டு வந்தாத்தான் மரியாதையா? டிக்கெட் வாங்கியிருக்கான், மனுசன். அது போதும்.

இவங்க ஏன் போறாங்கன்னும் எங்க ஊர்க்காரனுக்குச் சொல்லித் தரணுமா? 2012லேர்ந்து 2019 வரைக்கும் எட்டு வருசம் மேட்டூரை ஜூன் 12ல தொறக்கவே இல்லை. குறுவை போச்சு. அன்னிக்கு அப்பன் பாட்டன் நாகப்பட்டினத்துல ரஜூலா கப்பல்ல டெக் பாசஞ்சரா ஏறி பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனாங்க. பேரன் விமானத்துல போறான். வண்டிதான் மாறியிருக்கு.

கடைசியா ஒண்ணு. இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்லை.

2008ல மொதமொதல்ல சிங்கப்பூர் போனேன். அப்பல்லாம் இறங்கறதுக்கு முன்னாடி அட்டை நிரப்பணும். பக்கத்து சீட்டுல நாப்பது வயசு இருக்கும், ஒரு அண்ணன். "தம்பி, இதைக் கொஞ்சம் எழுதிக் குடுங்களேன்"னார். எனக்குக் கழுத்துல டை, கைல இங்கிலீஷ் புக். ஒண்ணு எழுதிக் குடுத்தா வரிசையா பத்து பேரு வருவாங்கன்னு கண்ணை மூடித் தூங்கற மாதிரி நடிச்சேன். அவரு ரெண்டு தடவை கூப்பிட்டுப் பாத்துட்டு, பின்னாடி வரிசைப் பையன்கிட்ட பாஸ்போர்ட்டைக் குடுத்தார். அந்தப் பையன் சத்தமா வாசிக்கிறான்: "பொறந்த ஊரு... தேரழுந்தூருங்களா?"

தேரழுந்தூர்! கம்பர் பொறந்த ஊரு. எங்க வீட்டுலேர்ந்து சைக்கிள் மிதிக்கிற தூரம். நான் கண்ணைத் தொறக்கலை. தொறக்க முடியலை.

இப்ப அந்த அட்டைங்க இல்லை. இந்தியாவுக்குள்ள வர்ற நம்ம ஆளுங்களுக்கு 2014ல எடுத்துட்டாங்க, வெளிய போறதுக்கு 2017ல. சிங்கப்பூர்ல 2020லேர்ந்து எல்லாம் ஆன்லைன். எழுதிக் குடுத்து அந்தக் கடனை அடைக்கலாம்னா அட்டையே கிடையாது. அதனால இந்தப் புலம்பலை எழுதறேன்.

அடுத்த தடவை பக்கத்து சீட்டுக்காரர் பெல்ட் போடத் தெரியாம முழிச்சா, மனசுக்குள்ள ஜோக் எழுதாம போட்டு விடுங்க. "எந்த ஊருண்ணே?"ன்னு கேளுங்க. உங்க ஊருக்குப் பக்கத்து ஊராத்தான் இருக்கும்.

பி.கு: புளியோதரைக் கூட்டாளி இதைப் படிச்சுட்டு சண்டைக்கு வருவான். வரட்டும். சிரிச்சதுல எனக்கும் பங்கு இருக்குன்னு மேலயே எழுதிட்டேன்டா ராசா.