ராணுவத்தில் நம் பங்கு எவ்வளவு?

காட்டுப்பாக்கம், பூந்தமல்லி, ஆவடி வட்டாரத்தில் உள்ள நம் குடியிருப்புகளில் 'டேங்க் பேக்டரி' வேலைக்குத் தனி மதிப்பு உண்டு. 1960-களில் ஆவடியில் தொடங்கிய கனரக வாகனத் தொழிற்சாலையும், ராணுவத்துக்குச் சீருடை தைக்கும் உடைத் தொழிற்சாலையும் இடஒதுக்கீட்டின் வழியே நம்மில் பலருக்கு முதல் மாதச் சம்பளத்தைக் கொடுத்தன. விஜயந்தா டாங்கிகள் அங்கே உருவாகிக்கொண்டிருந்த காலத்தில், 1971 போரின்போது, நாட்டின் பாதுகாப்பு அமைச்சராக இருந்தவர் பாபு ஜெகஜீவன் ராம்.

ஆனால் டாங்கியைச் செய்யும் இடத்தில் உள்ள இடஒதுக்கீடு, அதை ஓட்டும் படையில் கிடையாது. ஏன் என்று கேட்டால், ராணுவம் சாதி பார்ப்பதில்லை என்கிறார்கள். பார்க்காமலா ராஜபுத்திர ரெஜிமென்ட், ஜாட் ரெஜிமென்ட், டோக்ரா ரெஜிமென்ட் என்று பெயர்ப் பலகை தொங்குகிறது? குடியரசுத் தலைவரின் மெய்க்காப்புப் படைக்கு ராஜபுத்திரர், ஜாட், ஜாட் சீக்கியர் ஆகியோரையே எடுப்பதாக ராணுவமே நீதிமன்றத்தில் சொல்லியிருக்கிறது. கே.ஆர்.நாராயணனும் ராம்நாத் கோவிந்தும் அந்த மாளிகையில் இருந்தபோது, அவர்களைச் சுற்றிக் குதிரையில் வந்த படையில் அவர்கள் சமூகத்துப் பிள்ளைகளுக்கு இடமில்லை. இதைவிட வேறு சான்று வேண்டுமா?

போர்க்களத்துக்கு நாம் புதியவர்கள் அல்ல. கிழக்கிந்திய கம்பெனி மதராஸ் படையைக் கட்டியபோது பறையர் சமூகத்து ஆட்களைத் தாராளமாகச் சேர்த்துக்கொண்டது. பாலம் கட்டி, பாதை போட்டு, கோட்டைச் சுவரைத் தகர்த்து வழி செய்யும் மதராஸ் சாப்பர்ஸ் படையில் நம்மவர்கள் நிறையவே இருந்தார்கள். பம்பாய்ப் படையில் மகர்கள் இருந்தார்கள். 1818 ஜனவரி 1 அன்று கோரேகானில் பேஷ்வா படையை எதிர்த்து நின்று மாண்ட மகர்களின் பெயர்கள் அங்குள்ள தூணில் இன்றும் இருக்கின்றன.

கதவைச் சாத்தியதும் அதே வெள்ளைக்காரன்தான். 1885 முதல் 1893 வரை இந்தியப் படைகளின் தலைமைத் தளபதியாக இருந்த லார்டு ராபர்ட்ஸ், சில சாதிகள்தான் 'போர்க்குடிகள்' என்று நம்பினார். தென்னாட்டு ஆட்களைக் குறைத்தார்கள். 1890-களில் மகர்களைச் சேர்ப்பதும் நின்றது. போனது வேலை மட்டுமல்ல. அண்ணல் அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் ராணுவத்தில் சுபேதார். ராணுவப் பள்ளியில் ஆசிரியர். அண்ணல் 1891-இல் பிறந்ததே மவ் கன்டோன்மென்டில்தான். சேரிக்குள் எழுத்தும் ஓய்வூதியமும் நுழைந்த ஒரு வழி அது. அதை அடைத்துவிட்டார்கள். உலகப் போர் வந்து ஆள் தேவைப்பட்டதும் மறுபடி கூப்பிட்டார்கள்: அண்ணல் வற்புறுத்தியதால் 1941-இல் மகர் ரெஜிமென்ட் வந்தது. 1943-இல் சமார் ரெஜிமென்ட் வந்தது. போர் முடிந்ததும் 1946-இல் அதைக் கலைத்துவிட்டார்கள்.

இந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை என்றே நினைக்கிறோம். 2022-இல் வந்த அக்னிபத் திட்டத்தில் நான்கு ஆண்டுப் பணிக்குப் பின் நூற்றுக்கு 25 பேர் வரைதான் படையில் தொடர முடியும். மற்றவர்களுக்கு ஒரு தொகை உண்டு, ஓய்வூதியம் கிடையாது. நிலமோ கடையோ உள்ள வீட்டுப் பையன் அந்தத் தொகையை முதலாக்கிக்கொள்வான். நம் வீட்டில் அது பழைய கடனுக்கும் அக்கா கல்யாணத்துக்கும் போய்விடும்.

தொழிற்சாலைப் பக்கமும் தரை நழுவுகிறது. 2021 அக்டோபர் 1 அன்று 41 ராணுவத் தளவாடத் தொழிற்சாலைகளையும் 7 நிறுவனங்களாகப் பிரித்தார்கள். டேங்க் பேக்டரி ஒரு நிறுவனத்துக்கும் உடைத் தொழிற்சாலை இன்னொன்றுக்கும் போயின. எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தால் சிறை என்ற சட்டமும் அதே ஆண்டில் வந்தது. இவை இன்னும் அரசு நிறுவனங்கள்தான், இடஒதுக்கீடும் சட்டப்படி உண்டு. ஆனால் ஆர்டர் இல்லாத நிறுவனம் நிரந்தர ஆள் எடுக்காது. குறிப்பிட்ட காலத்துக்கான ஒப்பந்த வேலைகளே அறிவிப்பாகின்றன. துப்புரவு, சுமைதூக்கும் வேலைகள் காண்ட்ராக்டரிடம் போகும்போது, நம்மவர்களுக்கு அங்கே இடஒதுக்கீடு கேட்காமலே கிடைத்துவிடுகிறது!

முப்படைகளில், பதவிவாரியாக, பட்டியல் சமூகத்தினர் எத்தனை பேர் என்ற கணக்கை அரசு வெளியிட வேண்டும். ஆவடித் தொழிற்சாலைகளில் நிரப்பப்படாத பட்டியல் சமூகப் பணியிடங்களின் எண்ணிக்கையையும் சொல்ல வேண்டும். ஆவடியும் பூந்தமல்லியும் அடங்கிய திருவள்ளூர் மக்களவைத் தொகுதி தனித் தொகுதி. நம் ஓட்டில் நாடாளுமன்றம் போனவர் அடுத்த கூட்டத்தொடரில் இந்த இரண்டு கேள்விகளையும் எழுத்துப்பூர்வமாகக் கேட்கட்டும்.