இருநூறு குறிச்சொற்களும் ஒரு சிறுகதையும்

சென்ற மாதம் நண்பர் ஒருவர் தொலைபேசினார். தன் சிறுகதைகளையெல்லாம் இணையத்தில் ஏற்றி ஓராண்டாகிறதாம். கூகுளில் எப்படித் தேடினாலும் அகப்படவில்லை என்று வருத்தம். பக்கத்தின் நிரலைத் திறந்து பார்த்தேன். குறிச்சொற்களுக்கான மெட்டா டேக்கில் 'தமிழ், சிறுகதை, புதுமைப்பித்தன்' என்று ஆரம்பித்து சினிமா நடிகைகள் வரை இருநூறு சொற்கள்! கதைகளோ ஸ்கேன் செய்த படங்களாக இருந்தன.

மெட்டா டேக் என்பது படிப்பவர் கண்ணில் படாமல் பக்கத்தின் தலைப்பகுதியில் இயந்திரத்துக்காக எழுதிவைக்கும் குறிப்பு. நூலக அட்டை மாதிரி. 1990களின் நடுவில் அல்டாவிஸ்டா, இன்ஃபோசீக் போன்ற தேடுபொறிகள் அதை நம்பின. நம்பிக்கை உள்ள இடத்தில் ஏமாற்றும் வரத்தானே செய்யும்? சம்பந்தமில்லாத பிரபலச் சொற்களை அடுக்கி ஆள் பிடித்தார்கள். 1998-ல் வந்த கூகுள், ஒரு பக்கம் தன்னைப் பற்றி என்ன சொல்லிக்கொள்கிறது என்பதைவிட, மற்றவர்கள் அதற்கு இணைப்பு தருகிறார்களா என்று பார்த்தது. தரவரிசைக்குக் குறிச்சொல் டேக்கைப் பயன்படுத்துவதில்லை என்று 2009 செப்டம்பரில் வெளிப்படையாகவே அறிவித்தும் விட்டது. பக்கத்தைச் சுருக்கிச் சொல்லும் 'டிஸ்கிரிப்ஷன்' டேக்குக்கு மட்டும் இன்றும் ஒரு வேலை உண்டு. தேடல் முடிவில் தலைப்பின் கீழே வரும் ஓரிரு வரிகள் சில சமயம் அதிலிருந்து எடுக்கப்படுகின்றன.

தமிழில் நம் சிக்கல் வேறு. நாம் பொய் சொல்லிக் கெட்டதைவிட, வாசிக்க முடியாமல் எழுதிக் கெட்டதே அதிகம். ஒருங்குறி பரவுவதற்கு முன் தளத்துக்கொரு எழுத்துரு. டிஸ்கி, டாப், டாம் என்று பல குறியேற்றங்கள். நம் கண்ணுக்குத் தமிழ். தேடுபொறிக்கு அது பொருளற்ற ஐரோப்பிய எழுத்துக் குவியல். 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டம் டிஸ்கியில் இருந்த நூல்களைப் பின்னர் ஒருங்குறிக்கும் கொண்டுவந்தது. அதனால்தான் இன்று பழம்பாடலின் ஓர் அடியைத் தட்டினால் முழு நூலும் கிடைக்கிறது. மாற்றப்படாத பக்கங்கள் இருட்டிலேயே கிடக்கின்றன.

இன்னொன்று நம் இலக்கணம். 'மரம்' என்று தேடுபவருக்கு 'மரத்தில்', 'மரங்களை' என்று எழுதிய பக்கம் தப்பிவிடலாம். இயந்திரம் முன்னைவிடத் தேறியிருக்கிறது என்றாலும், தலைப்பில் வேற்றுமை உருபு ஏறாத சொல்லை வைப்பது நல்லது. புதுமைப்பித்தன் என்று எழுதும்போது ஓரிடத்தில் சொ. விருத்தாசலம் என்றும் எழுதலாம். ஒளித்து வைக்காமல், வாசகருக்கும் பயன்படும்படி கட்டுரைக்குள்ளேயே.

இதற்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்கலாம். 2024 மே மாதம் முதல் அமெரிக்காவில் கூகுள், தேடல் முடிவுகளுக்கு மேலேயே செயற்கை நுண்ணறிவு எழுதிய சுருக்கத்தைக் காட்டத் தொடங்கியது. பிறகு மற்ற நாடுகளுக்கும் அது பரவியது. இயந்திரத்தால் படிக்க முடிந்ததிலிருந்துதான் அந்தப் பதில் வரும். வெளிநாட்டில் வளரும் நம் பிள்ளை தமிழ்ச் சிறுகதை பற்றிக் கேட்டால், படமாகக் கிடக்கும் கதைகளும் பழைய எழுத்துருவில் உறங்கும் பக்கங்களும் அதில் இடம்பெறப் போவதில்லை. நம் எழுத்து இருந்தும் இல்லாததாகிவிடும்.

நண்பரிடம் இதைத்தான் சொன்னேன். முதல் கதையை ஒருங்குறியில் தட்டச்சு செய்து முடித்துவிட்டதாக நேற்று மின்னஞ்சல் வந்தது. குறிச்சொற்கள் இருநூறும் அப்படியே இருக்கின்றன. இருந்துவிட்டுப் போகட்டும், கூகுள் அவற்றைப் படிக்கப்போவதில்லை!