நோட்டு யாருடையது?

பரீட்சை நெருங்கினால் 'நோட்ஸ்' நடமாடத் தொடங்கும். பெரும்பாலும் சொந்தச் சாதிப் பசங்களுக்குள்ளேயே. அண்ணன் எழுதியது தம்பிக்கு வரும். குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்த சேரிப்பிள்ளைக்கு எந்த அண்ணன் இருக்கிறான்? வாத்தியார் சொல்வதை விரட்டி விரட்டி அதுவே எழுதிக்கணும். பாடப்புத்தகத்தின் கடுந்தமிழைத் தன் பேச்சுக்கு மாற்றிவைத்த அந்த வரிகள் அதன் உழைப்பு, வாத்தியார் சொத்தல்ல. ஓரத்தில் ஒரு கவிதை இருக்கும், அவர் மேல கோபம்கூட இருக்கும். திருத்துறது வேற, பிடுங்கி, வகுப்பே கேட்கப் படித்துச் சிரிக்கிறது வேற.

பிள்ளையின் நோட்டைத் துழாவும் கல்வி நிறுவனங்கள் தாம் போட்ட மதிப்பெண்ணைக் காட்ட மட்டும் முரண்டு பிடித்தன. திருத்திய விடைத்தாளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மாணவர் கேட்டுப் பார்க்கலாம் என்று 2011-இல் உச்சநீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. நம்ம சாதியை மட்டும் ஒளிப்பதே இல்லை. வருகைப் பதிவேட்டில் சாதி விவரமே கூடாதென்று ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு 2024-இல்தான் பரிந்துரைத்தது.

மூத்த மாணவத் தோழர்களே, நோட்டுகளை எடைக்குப் போடாதீர்கள். ஜெராக்ஸ் எடுத்து விடுதியில் வையுங்கள், எவர் கேட்டாலும் கொடுங்கள். ஓரத்துக் கவிதையை வேண்டுமானால் மறைத்துக்கொள்ளலாம்.